குறட்டை என்றுதான் நினைத்தேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறோம். போன வருடம் எங்கள் மூத்த மகன் 24 வயதில் எங்களை விட்டுப் போய்விட்டான். கேட்ட எல்லாருக்கும் "நித்திரையிலேயே ஹார்ட் அட்டாக்" என்று சொன்னோம். அது பொய். மரணத்தை விசாரிக்கிற கொரோனரின் அறிக்கையில் ஃபெண்டனில் என்ற மருந்தின் பெயர் இருக்கிறது.

வெயார்ஹவுஸ் வேலையில் முதுகு அடிபட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த நோ மாத்திரையில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் நிறுத்தின பிறகு வெளியில் வாங்கியிருக்கிறான். கடைசியில் தானாகவே கேட்டுச் சிகிச்சைக்குப் போனான். இரண்டு மாதம் ஒன்றும் எடுக்கவில்லை, முகம் தெளிந்து, புட்டும் மீன்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த இரவு தண்ணீர் குடிக்க எழும்பினபோது அவன் அறையில் கொர கொர என்று பெரிய குறட்டைச் சத்தம். பிள்ளை கனநாளைக்குப் பிறகு நல்லாகத் தூங்குகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன் அக்கா. விடியப் போய்ப் பார்த்தபோது உதடெல்லாம் நீலம்.

வருகிற மாதம் ஆட்டைத் திவசம். நினைவு மலர் அடிக்கிறோம், அதில் உண்மையை எழுத வேண்டும் என்று மகள் நிற்கிறாள். "செத்த பிள்ளைக்குப் போதைக்காரன் என்று பட்டம் கட்டப் போறியா" என்று இவர் கத்துகிறார். போன கிழமை ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் வேறொரு பொடியனைப் பற்றிக் கதை வந்தது. "எல்லாம் தாய் வளர்த்த வளர்ப்பு" என்றார் ஒரு மாமி. நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அழுதேன். நான் என்ன செய்யட்டும்?

– ஒரு அம்மா

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் அந்தக் குறட்டையைப் பற்றிக் கதைப்போம், மலர் பிறகு.

ஃபெண்டனில் போன்ற ஓபியாய்டு மருந்துகள், அதாவது அபின் வகைக் கடும் நோ மருந்துகள், உடம்பில் மிஞ்சும்போது, மூச்சை இழுக்கச் சொல்லும் மூளையின் பகுதி மந்தமாகிவிடுகிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து, மிச்சமிருக்கிற கொஞ்சக் காற்று அதற்குள்ளால் போகும்போது வருகிற சத்தம்தான் நீங்கள் கேட்டது. வெளியில் நிற்பவருக்கு அது ஆழ்ந்த நித்திரை மாதிரியேதான் கேட்கும். பிள்ளையை இழந்த எத்தனையோ பெற்றோர் இதே சத்தத்தைக் கேட்டு, இதையே நினைத்து, இப்படித்தான் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்கள். தெரிந்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்கலாமா என்பதற்கு என்னாலும் விடை சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டு விட்டுவிட்டு வரவில்லை. தூங்குகிற பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று வந்தீர்கள். அது தாய் செய்கிற வேலை.

ஏன் உங்களுக்குத் தெரியாமல் போனது? உங்களுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஊருக்கு "ஹார்ட் அட்டாக்" என்றுதான் சொல்லியிருப்பார். நான் அவரையும் குறை சொல்லவில்லை, உங்களையும் சொல்லவில்லை. தற்கொலையைக்கூட "நெஞ்சு நோ" என்று சொல்லிச் செத்தவீட்டை முடித்த சனம் நாங்கள். கனடாவில் 2016க்குப் பிறகு ஓபியாய்டு நஞ்சேறி இறந்தவர்கள் 50,000 பேருக்கும் மேல். அதில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆனால் எங்கள் மலர்களைப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் "சிகிச்சைக்குப் போயும் திருந்தவில்லை" என்று உங்கள் கணவர் மனதுக்குள் நினைக்கக்கூடும். தினமும் எடுக்கிற உடம்பு அந்த அளவுக்குப் பழகியிருக்கும். கொஞ்ச நாள் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். பிறகு ஒரு பலவீனமான நேரத்தில் பழைய அளவை எடுத்தாலே அது உயிரெடுக்கும் அளவாகிவிடுகிறது. சிகிச்சை முடித்து வந்தவர்களுக்கும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் முதல் சில கிழமைகள்தான் மிக ஆபத்து. போதாததற்கு, வெளியில் விற்கிற மாத்திரை பார்வைக்கு மருந்துக்கடை மாத்திரை போலவே இருக்கும், உள்ளே மோர்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வலுவான ஃபெண்டனில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. உங்கள் மகன் நிறுத்தப் பாடுபட்டவன் தங்கச்சி. அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் போனான்.

சரி, மலர். உங்கள் மகள் கேட்பது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கணவரோடு சண்டை பிடித்து அச்சடிக்க வேண்டாம். அவர் பயப்படுவது "போதைக்காரன்" என்ற அந்தச் சொல்லுக்கு, அந்தச் சொல்லை நீங்கள் எழுதவே தேவையில்லை. சீனி வருத்தத்தில் இறந்தவரை யாரும் இனிப்புத் தின்னி என்று மலரில் போடுவதில்லையே. இப்படி எழுதிப் பாருங்கள்: "வேலையில் அடிபட்ட முதுகு நோவுக்கு எடுத்த மருந்து நோயாக மாறியது. அதிலிருந்து மீள இரண்டு மாதம் போராடினான். ஃபெண்டனில் அவன் உயிரை எடுத்தது." இதில் ஒரு வரியும் பொய்யில்லை, ஒரு வரியும் அவனைக் கேவலப்படுத்தவில்லை. கணவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு உடனே பதில் கேட்காமல் விடுங்கள். அவரும் ஒரு வருடமாகத் தனியாகத்தான் அழுகிறார் என்று நினைக்கிறேன்.

அவர் சம்மதித்தால் கடைசிப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம், என்னைக் கேட்டால் முழு மலரிலும் அதுதான் பெறுமதியான பக்கம். தட்டி எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, கொர கொர என்று சத்தம் வந்து, உதடோ நகமோ நீலமானால் அது நித்திரை இல்லை. உடனே அவசர உதவிக்கு 911 அடியுங்கள். ஓபியாய்டின் வேலையைக் கொஞ்ச நேரத்துக்கு முறிக்கிற மருந்து நலோக்ஸோன், அது மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாகக் கையில் இருந்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் அடித்து, மூச்சுக் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பாவிட்டால் மற்றத் துவாரத்தில் இன்னொன்று. ஓபியாய்டு எடுக்காதவருக்கு அடித்தாலும் அது கெடுதல் செய்யாது. எழும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், நலோக்ஸோனின் வேலை முடிந்த பிறகு மூச்சு திரும்ப நிற்கலாம். பொலிசுக்குப் பயந்துதான் பல பொடியள் நண்பனை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். 2017இல் வந்த நல்ல சமாரியர் சட்டப்படி, 911க்கு அழைத்தவர் மீதும் அங்கே நின்றவர்கள் மீதும் போதைப்பொருளைச் சும்மா வைத்திருந்ததற்காக வழக்குப் போட மாட்டார்கள். விற்றவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. போதைப் பழக்கத்துக்கு உதவி தேடுகிறவர்களுக்கு கனெக்ஸ் ஒன்டாரியோ என்ற உதவிச் சேவையின் எண் 1-866-531-2600, இரவும் பகலும் எடுப்பார்கள்.

பூப்புனித நீராட்டு விழாவில் தலையாட்டியதை நினைத்து உங்களைத் தண்டிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பொடியனின் தாய் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் ஒரு நாள் ஃபோன் எடுங்கள். அவரும் ஒரு பொய்யைத் தனியாகச் சுமந்துகொண்டு இருக்கக்கூடும், உங்களிடம் மட்டும் அவர் அதை இறக்கி வைக்கலாம்.

ஆகஸ்ட் 31 உலகம் முழுக்க இப்படி இறந்தவர்களை நினைக்கிற நாள். 2001இல் மெல்போர்னில் தொடங்கியது, ஊதா நிறத்தில் ஏதாவது அணிவார்கள். அந்த நிகழ்வுகளுக்கு இப்போதே போக மனம் வராவிட்டால் பரவாயில்லை. இந்தக் கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்கு மட்டும் போய் வாருங்கள். ஒன்டாரியோவில் நலோக்ஸோன் பெட்டி இலவசம், டாக்டரின் சீட்டும் தேவையில்லை. ஒன்று உங்கள் வீட்டுக்கு, ஒன்று மகளின் கைப்பைக்கு. அவளுடைய வகுப்புப் பிள்ளைகளில் யாருக்கு என்றைக்குத் தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியாது.