பழைய ஜெர்மன் ஹெல்மெட்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: நார்வேயில் வசிக்கிறேன். பழைய சாமான் சந்தையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவ ஹெல்மெட் ஒன்றைப் பார்த்தேன். பக்கவாட்டில் கழுகுச் சின்னம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே தோல் கறுத்து, விளிம்பில் துரு ஏறியிருக்கிறது. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கினால் துருவைத் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: சின்னம் பளிச்சென்று இருக்கிறது என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. சின்னம் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் போலிக்காரர்கள் முதலில் கை வைப்பதும் அதில்தான். இரும்புக் கூடு அசல், சின்னம் நேற்று ஒட்டியது என்ற கலவையை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் சின்னத்தைக் கடைசியில் பாருங்கள்.

ஹெல்மெட்டைக் கவிழ்த்து, விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தகடு உள்பக்கம் மடிந்து உருண்டையாக இருந்தால் எம்35 அல்லது எம்40 மாடல். மடிப்பே இல்லாமல், வெட்டிய முனை லேசாக வெளியே விரிந்திருந்தால் 1942-இல் வந்த எம்42. முதல் இரண்டையும் பிரித்துச் சொல்வது பக்கவாட்டிலுள்ள காற்றுத் துளை: எம்35-இல் தனி வளையம் செருகியிருப்பார்கள், எம்40-இல் தகட்டிலேயே அழுத்தி எடுத்திருப்பார்கள்.

அப்புறம் உள்பக்க முத்திரை. பெரும்பாலும் இடப்புறம் இருக்கும். 'ஈ.டி. 64' (ET64) என்றால் ஜெர்மனியின் தாலே ஊர் ஆலை, கூட்டின் அளவு 64. லைனரின், அதாவது தலையில் படும் உள்தோல் அமைப்பின், உலோகப் பட்டையிலும் தலை அளவு உண்டு. 64 கூட்டுக்கு 56 அல்லது 57 வரவேண்டும். 60 என்றிருந்தால் வேறொரு ஹெல்மெட்டின் லைனரைப் பிற்பாடு மாட்டியிருக்கிறார்கள்.

லைனரைப் பிடித்திருக்கும் மூன்று ரிவெட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள் உள்ளே விரிந்து மடிந்திருக்கும். ஒரே தடவை மடித்த கால் சீராகக் கிடக்கும். கழற்றி மாட்டியதென்றால் மடிப்பில் வெடிப்போ, பக்கத்துப் பெயின்ட்டில் கீறலோ தெரியும்.

உங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம். போர் முடிந்ததும் ஜெர்மானியர் விட்டுப்போன ஹெல்மெட்டுகளுக்கு வேறு பெயின்ட் அடித்து நார்வே ராணுவமே பயன்படுத்தியது. ஆகவே பெயின்ட் பெயர்ந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். பிற்காலப் பெயின்ட்டுக்கு மேலே கழுகு உட்கார்ந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

இனி சின்னம். கறுப்பு-வெள்ளை-சிவப்பு மூவர்ணக் கேடயச் சின்னத்தை 1940-லும், தரைப்படையின் கழுகை 1943-லும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எம்42 தரைப்படை ஹெல்மெட்டில் மூவர்ணம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் சின்னம் சுற்றியுள்ள பெயின்ட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஒரு கீறல் பெயின்ட்டைத் தாண்டிச் சின்னத்துக்குள்ளும் ஓடும். கீறல் சின்னத்தின் ஓரத்தோடு நின்றுவிட்டால், சின்னம் பிறகு வந்தது. புறஊதா டார்ச்சில் அது ஒளிர்ந்தால் நவீன ஒட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒளிராதது அசலுக்குச் சான்றாகாது.

துருவைத் தேய்க்க மட்டும் தேய்க்காதீர்கள். ஆரம்ப காலத்தில் நான் ஒன்றை இரும்பு நார் போட்டுத் தேய்த்தேன். பின்பக்க உள்விளிம்பில் வெள்ளைப் பெயின்ட்டில் ஏதோ எழுத்துகள். படைவீரர்கள் தங்கள் பெயரை அங்கே எழுதிக்கொள்வார்கள் என்று தெரிவதற்குள் பாதிப் பெயர் போய்விட்டது. மிச்சம் மூன்று எழுத்து. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். தோலுக்கு எண்ணெய் தடவ வேண்டாம், அது கறையாகி நூலை இளக வைக்கும். நிலவறையில் வைக்காமல் ஈரமில்லாத அறையில், தோல் நசுங்காதபடி உள்ளே அமிலமில்லாத் தாளைச் சுருட்டி வையுங்கள்.

சந்தைக்காரர் கவிழ்த்துப் பார்க்கவே விடவில்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.