‘இன்னுமா மாஸ்க்?’ – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மூடிய அரங்குகளில் முகக்கவசம் அணிவது பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. கூட்டமான இடங்களில் முகக்கவசம் அணியும்படி அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் வடபழனியில் ஏ.சி. மண்டபத்தில் நடந்த உறவினர் வீட்டு வரவேற்புக்குப் போயிருந்தோம். ‘இன்னுமா மாஸ்க்? கொரோனா போய் எத்தனை வருஷம் ஆச்சு?’ என்று வாசலில் பன்னீர் தெளித்தவர் முதல் மேடையில் நின்றவர் வரை கேட்டார்கள். என் ஓரகத்தி என்னைத் தனியே அழைத்து, ‘ஏதாவது ஒட்டுவாரொட்டி வியாதியா?’ என்று கேட்டார். வீடு திரும்பியதும், இனி எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்று கணவர் சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, உங்கள் ஓரகத்தி கேட்ட கேள்வியை நான் இரண்டு முறை படித்தேன். 2020லும் 2021லும் முகக்கவசம் அணியாதவரைக் கண்டு ஒதுங்கி நின்ற இதே ஊர், இன்று அணிந்தவரைக் கண்டு ஒதுங்குகிறது. உங்கள் கணவரிடம் பிறருக்குத் தொற்றும் நோய் எதுவும் இல்லை. பிறரிடமிருந்து தனக்கு எதுவும் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அணிகிறார். பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கிவிடாமல் இருக்க, எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை அவர் நாள்தோறும் சாப்பிட்டாக வேண்டும் என்பதும், அந்த மாத்திரைகளால் தடுப்பூசிகூட அவருக்கு மற்றவர்களுக்குத் தரும் அளவு பலன் தருவதில்லை என்பதும் உறவினர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு மூன்று நாள் மூக்கடைப்போடு போய்விடும் சளி, அவரை மருத்துவமனைப் படுக்கையில் சேர்த்துவிடக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் திட்டம் 2008ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் சீராக நடைபெறுவதால், மாற்று உறுப்போடு நலமாக வாழ்பவர்கள் நம் நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கீமோதெரபி எடுப்பவர்களையும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும் இப்படி ஒருவர் இருவராவது உட்கார்ந்திருப்பார்கள், அல்லது உங்கள் கணவரைப் போல வராமலே வீட்டில் இருந்துவிட்டிருப்பார்கள்.

மண்டபத்தின் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் ஒரு வரவேற்புக்குப் போனபோது, கரியமில வாயுவின் அளவைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் எடுத்துச் சென்றேன். தெருவில் அது, காற்றின் பத்து லட்சம் பங்கில் 430 பங்கு என்று காட்டியது. மணமக்களை வாழ்த்துவதற்காக வரிசையில் நாற்பது நிமிடம் நின்று மேடையை நெருங்கியபோது 2,100 என்று காட்டியது. கரியமில வாயு அந்த அளவில் நமக்குத் தீங்கு செய்துவிடாது என்றாலும், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எந்த அளவுக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது. சுவரில் மாட்டிய ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. மல்லிகையும் சந்தனமும் மணக்கும் அந்தக் குளிர்ச்சியில் நமக்கு அது தெரிவதே இல்லை.

ஆகவே உங்கள் கணவரை வீட்டில் உட்காரவிடாதீர்கள். சீக்கிரமே சென்று, கூட்டம் சேர்வதற்கு முன் மணமக்களை வாழ்த்திவிடுங்கள். படம் எடுக்கும் சில நொடிகளுக்குக் கழற்றிவிட்டு உடனே அணிந்துகொள்வதால் பெரிய ஆபத்து வந்துவிடாது. முதல் பந்தியில், கதவோ ஜன்னலோ திறந்திருக்கும் பக்கமாக உட்கார்ந்து சாப்பிடட்டும். அவரோடு நீங்களும் முகக்கவசம் அணியுங்கள் என்பது என்னுடைய தனிப்பட்ட வேண்டுகோள். ஒருவர் மட்டும் அணிந்தால் ‘இவருக்கு என்னவோ’ என்று பார்க்கிறவர்கள், தம்பதியாக அணிந்தால் ‘இவர்கள் வழக்கம் இது’ என்று விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஓரகத்தியிடம் மறைக்காமல் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் மூலமாகவே அது குடும்பம் முழுவதற்கும் போய்ச் சேரும், நீங்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பெரியவர்கள் முன் வாய்பொத்திப் பேசுவதை மரியாதை என்று கருதிய மரபு நம்முடையது. கதிர்காமத்திலும் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலும் இன்றும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார்கள். சௌகார்பேட்டைத் தெருக்களில் வாயில் வெள்ளைத் துணி கட்டி நடந்து செல்லும் சமணத் துறவிகளை நிறுத்தி யாரும் காரணம் கேட்பதில்லை. அந்த நாகரிகத்தில் ஒரு சிறு பங்கைத்தான் உங்கள் கணவருக்காகக் கேட்கிறோம்.

கேள்வி: ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு மாஸ்க் வேண்டாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கட்டாயம் என்றார்கள், அபராதம் போட்டார்கள். இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. மாறியது விஞ்ஞானமா, விதியா? உண்மையில் மாஸ்க்கால் பயன் உண்டா?
– கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: தம்பி, இரண்டுமே மாறின. ஆனால் ஒன்றாக மாறவில்லை, குழப்பத்துக்கு அதுதான் காரணம். 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்காக அவசரநிலையை அறிவித்தபோது, கிருமி இருமல் தும்மலின் பெரிய துளிகள் வழியாகப் பரவுகிறது, அந்தத் துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும் என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. மருத்துவப் பணியாளர்களுக்கே முகக்கவசம் போதாத நேரம் அது என்பதும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பொதுமக்களும் அணியலாம் என்று அந்த நிறுவனம் தன் அறிவுரையைத் திருத்தியது. பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும் என்பது அதற்கும் பிறகுதான் எல்லோராலும் ஏற்கப்பட்டது. அந்தத் தாமதம் பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். கைப்பிடிகளையும் காய்கறிப் பைகளையும் துடைத்துக்கொண்டே இருந்த நாம் ஜன்னலைத் திறக்க மறந்தோம்.

நம் ஊரில் விதி வேறு பாதையில் சென்றது. கோயம்பேடு சந்தை மூடப்பட்டு வியாபாரம் திருமழிசைக்கு மாறிய 2020 மே மாதத்தின் அச்சத்தை நீங்கள் பள்ளிப் பருவத்தில் பார்த்திருப்பீர்கள். முகக்கவசம் அணியாவிட்டால் 200 ரூபாய் என்று அந்த ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட அபராதம் 2022 ஜனவரியில் 500 ரூபாய் ஆனது. அதே ஆண்டு வசந்தத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஏப்ரலில் ஐ.ஐ.டி. வளாகத்தில் தொற்று பரவியதும் 500 ரூபாய் திரும்பி வந்தது. 2023 மே 5 அன்று உலக அவசரநிலையும் முடிந்தது. இத்தனை ஆண்டுகளில் ‘போலீஸ் நிற்கிறார், மாஸ்க்கை ஏற்று’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமே தவிர, இந்த அறையில் காற்றோட்டம் இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் இங்கே இருக்கப்போகிறோம், ஆகவே அணிந்துகொள் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கடற்கரையில் அணிந்து நடந்தவர்கள் ஏ.சி. ஓட்டலுக்குள் நுழைந்ததும் கழற்றியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அபராதம் போனதும் பழக்கமும் போனதில் வியப்பில்லை.

பயன் உண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் உள்ளடக்கிய ஆய்வு ஒன்று நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாக முகக்கவசம் கொடுத்து, அணியும்படி தொடர்ந்து ஊக்குவித்தபோது, அணிபவர்கள் 100க்கு 13 பேரிலிருந்து 42 பேராக உயர்ந்தார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், பரிசோதனையில் உறுதியான அறிகுறியுள்ள தொற்று 11 சதவீதம் குறைந்தது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. பாதிப் பேர்கூட அணியாத ஊர்களின் கணக்கு இது என்பதை நினைவில் வையுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2023 தொடக்கத்தில் வெளியிட்ட தொகுப்பாய்வை வைத்து ‘மாஸ்க் வேலை செய்யாது’ என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. அந்த ஆய்வு சொன்னது அதுவன்று என்றும், உறுதியான முடிவுக்கு வரப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள் என்றும் காக்ரேனின் தலைமை ஆசிரியரே விளக்கம் அளித்தார். ஊருக்கெல்லாம் அணியச் சொல்லும் திட்டத்தின் பலனும், நுண்துகளை வடிகட்டும் என்95 வகை முகக்கவசத்தை நன்றாகப் பொருத்தி விடாமல் அணியும் ஒருவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பும் வேறு வேறு கேள்விகள்.

இந்தத் தயக்கம் நம் காலத்தில் தோன்றியதும் அன்று. 1910, 1911ஆம் ஆண்டுகளில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, அது மூச்சுக்காற்றின் வழியாகப் பரவுகிறது என்று கண்டு, பஞ்சு வைத்த வலைத்துணி முகக்கவசத்தை எல்லோருக்கும் வலியுறுத்தினார். அங்கு வந்த மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்காமல், முகக்கவசம் இன்றியே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார்.

கேள்வி: என்95 முகக்கவசத்தைத் துவைத்துப் பயன்படுத்தலாமா? கண்ணாடி அணிந்திருக்கிறேன், ஆவி படிகிறது. சென்னை வெயிலில் பத்து நிமிடத்தில் நனைந்தும் விடுகிறது.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: துவைக்கக் கூடாது. என்95இன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். அழுக்காகாமலும் கிழியாமலும் நாடா தளராமலும் இருந்தால், காகித உறையில் இட்டு ஆறவைத்துச் சில நாள் மாற்றி மாற்றி அணியலாம். கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூக்கின் இருபுறமும் காற்று கசிகிறது என்று பொருள். மேலே உள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் வளைவுக்கு அழுத்திவிடுங்கள். வால்வு வைத்தது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாக வடிகட்டப்படாமல் வெளியேறும். வெயிலில் தெருவில் நடக்கும்போது அணியத் தேவையில்லை. பையில் வைத்திருந்து, பேருந்திலோ மருத்துவமனையிலோ நுழையும்போது அணிந்தால் அவ்வளவு நனையவும் நனையாது.

கேள்வி: புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருப்பதால் பண்டிகைக் கூட்டத்தின்போது மாஸ்க் அணிந்தேன். வாடிக்கையாளர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று முதலாளி கழற்றச் சொல்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இதைப் படித்தபோது உண்மையாகவே வருத்தப்பட்டேன். அணியக் கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முதலாளியிடம் சட்டம் பேசுவதைவிடக் கணக்கைப் பேசுவது உங்களுக்கு நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் விற்பனைப் பிரிவில் நான்கு பேர் காய்ச்சலில் படுத்தால் கடையின் நிலை என்ன என்று கேளுங்கள். அந்த நெரிசலான இரண்டு வாரங்களுக்கு மட்டுமாவது, விரும்புகிறவர்கள் கடையின் பெயர் பொறித்த ஒரே நிற முகக்கவசம் அணியலாம் என்று யோசனை சொல்லுங்கள். சீருடையின் பகுதியாகிவிட்டால் வாடிக்கையாளர் அதை நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்தால்தான் மரியாதை என்று கருதிய ஊர்தான் இது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்திய பிறகு, சில கடைகளிலாவது முக்காலி வந்திருக்கிறது. அதனால் வியாபாரம் எதுவும் குறைந்துவிடவில்லை. நகைக்கடை, வங்கி போன்ற இடங்களில் கேமராவுக்காக ஒரு நொடி முகத்தைக் காட்டச் சொல்வது நியாயம். வேலை நேரம் முழுவதும் கழற்றி வைக்கச் சொல்வது நியாயம் அன்று.

கேள்வி: எனக்கு வயது 71. காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது, இருமல் மட்டும் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை பேரனின் பள்ளி ஆண்டுவிழா. போகலாமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. சனிக்கிழமைக்குள் காய்ச்சல் திரும்பினால் மட்டும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், கூச்சப்படாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். அதைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. மருந்து சாப்பிடும் நோயாளியை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை அளித்தாலும் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதை, நம் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம்தான் உலகுக்கு நிரூபித்துக் காட்டியது. ஆண்டுவிழாவில் கதவை ஒட்டிய ஓர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும்வரை முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். கைப்பையில் பிரிக்காத முகக்கவசம் இரண்டு அதிகமாக இருக்கட்டும். பக்கத்து இருக்கையில் இன்னொரு பாட்டி இருமிக்கொண்டிருந்தால் ஒன்றைக் கொடுக்கலாம்.