எத்தனை குதிரைத்திறன் போதும்? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 29 வயது. கிண்டியில் வேலை, வீடு திருவண்ணாமலைக்குப் பக்கத்தில். மாதம் இரண்டு முறை திண்டிவனம், செஞ்சி வழியாக ஊருக்குப் போய் வருகிறேன். அப்பா ஓட்டிய 100 சிசி வண்டிதான் இன்னமும். அதன் சக்தி 8 பி.எச்.பி., அதாவது 8 குதிரைத்திறன். தை மாதம் கல்யாணம். அதற்குள் வேறு வண்டி எடுக்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். 40 பி.எச்.பி.க்குக் கீழே எடுத்தால் ஹைவேயில் போவதே ஆபத்து என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். "முப்பது வருஷம் நான் இதிலேதானே போனேன், உனக்கு மட்டும் என்ன?" என்கிறார் அப்பா. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிகிறது. ரோட்டில் ஓட்டுகிற ஒருவனுக்கு உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும்?

க.

அன்புள்ள க.,

கல்யாணத்துக்கு என் வாழ்த்துகள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற சாலைக்கு, இரண்டு பேருக்கு, 20 பி.எச்.பி.யை ஒட்டி இருந்தால் போதும். 15க்குக் கீழே வேண்டாம். 25க்கு மேலே எடுத்தால் அது ஆசைக்காக எடுப்பது. ஆசைப்பட்டு வண்டி எடுப்பதில் ஒரு தப்பும் இல்லை, நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதைப் பாதுகாப்புக்கு என்று நம்பி எடுக்காதீர்கள்.

அப்பா சொல்வதை ஏன் முழுசாக ஏற்க முடியவில்லை என்றால், நீங்கள் போகிற அதே செஞ்சி சாலையில் எனக்கு நடந்த ஒன்று இருக்கிறது. பல வருடம் முன்பு, நானும் என் மனைவியும் ஒரு 100 சிசி வண்டியில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். தோகை இரண்டு பக்கமும் சரிந்து தார் ரோட்டைக் கூட்டிக்கொண்டு போகிறது. எதிரே வெகுதூரத்துக்கு ரோடு காலி. மூன்றாவது கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கி வலப்பக்கம் ஏறினேன். வண்டி கத்தியது, வேகம் மட்டும் ஏறவில்லை. லேசான ஏற்றம் வேறு, எதிர்க்காற்று வேறு. டிரெய்லரின் பாதி நீளத்தைத் தாண்டியபோது எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டு அணைத்தது. என் தோளில் இருந்த மனைவியின் கை இறுகியது. கரும்புத் தோகை என் இடது முழங்கையில் உரசிக்கொண்டே வந்தது. முன்னாலும் போக முடியாது, பின்வாங்கவும் பயம். டிராக்டர்காரர் பார்த்துவிட்டார், வேகத்தைக் குறைத்து எனக்கு இடம் விட்டார். அவர் பார்த்திராவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

அன்று எனக்குக் குறைந்தது டாப் ஸ்பீடு இல்லை. 50லிருந்து 70க்குப் போகிற வலு. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்காக எல்லா வண்டிக்கும் அதே எடை. 60 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா போய்க்கொண்டிருக்கவே சக்கரத்தில் 3 குதிரைத்திறன் செலவாகிறது. மிச்சம் இருப்பதுதான் வேகத்தைக் கூட்டும். 8 பி.எச்.பி. வண்டி 50லிருந்து 70ஐத் தொட எட்டரை நொடி. 20 பி.எச்.பி. வண்டிக்கு இரண்டேகால் நொடி. 45 பி.எச்.பி.க்கு ஒரு நொடி. என்ஜின் எப்போதும் உச்சத்தில் சுற்றுவதில்லை, நடுவில் கியர் மாற்ற வேண்டும், அதனால் நிஜத்தில் மூன்றுமே இதைவிடக் கூடத்தான் ஆகும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். 8லிருந்து 20க்குப் போனால் ஆறு நொடிக்கு மேல் மிச்சம். அந்த ஆறு நொடியில் எதிரே 60ல் வரும் பஸ் நூறு மீட்டர் வந்துவிடும், நீங்களும் நூறு மீட்டர் போயிருப்பீர்கள். 20லிருந்து 45க்குப் போனால் மிச்சமாவது ஒன்றேகால் நொடி. உயிரைக் காக்கிற சக்தி முக்கால்வாசியும் அந்த முதல் பன்னிரண்டு குதிரைகளிலேயே கிடைத்துவிடுகிறது. இதை உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள்.

அப்படியானால் மீதிக் குதிரைகள் எங்கே போகின்றன? காற்றுக்குப் போகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைப் பிளக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்குத் தோராயமாக 80ல் 6, 7 குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். 100க்கு 12. 120க்கு 20. 160க்கு 45. உடல்வாகு, காற்று, உட்காரும் விதம் இவற்றைப் பொறுத்து கொஞ்சம் மாறும், ஆனால் ஏறுகிற விதம் இதுதான். 2018ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்புப்படி நடுவில் தடுப்புள்ள நால்வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 80, மற்றச் சாலைகளில் 60. ஆக, நீங்கள் நாள் முழுக்க சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் போனாலும் பயன்படுவது ஏழெட்டுக் குதிரைகள்தான். அதற்கு மேல் இருப்பது ஓவர்டேக்குக்கும் ஏற்றத்துக்கும் பின்னால் உட்காருகிறவருக்குமான கையிருப்பு. எந்தக் கையிருப்புக்கும் ஓர் அளவு உண்டு.

ஐரோப்பாவில் ஓட்டுநர் உரிமத்தையே இப்படித்தான் படியாக வைத்திருக்கிறார்கள். முதல் படி 125 சிசி, 11 கிலோவாட், அதாவது 15 குதிரைத்திறன். அடுத்த படி 35 கிலோவாட், 47 குதிரைத்திறன். அதற்குப் பிறகுதான் வரம்பில்லாத உரிமம். அங்கே 130 போகலாம் என்று எழுதிவைத்த சாலைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட சாலைகள் உள்ள இடத்தில் நடுப்படியாக வைத்திருக்கிற அளவை நம் நண்பர்கள் செஞ்சி சாலைக்குக் குறைந்தபட்சம் என்கிறார்கள்.

நான் 43 பி.எச்.பி. வண்டி ஒன்றை இரண்டு வருடம் வைத்திருந்தேன். அருமையான வண்டி. காலையில் சாவியைத் திருப்பும்போதே மனசு லேசாகும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு நாள் மதுராந்தகம் ஏரியைத் தாண்டி வருகிறேன், வெயில் ஏறாத நேரம், வண்டி நிதானமாகப் போவதாகத்தான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தால் 112. அந்த நேரத்தில் நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு பாட்டி, தலையில் புல்லுக்கட்டோடு இறங்கினார். பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். விரல்நுனியில் தடதடவென்று துடித்தது. வண்டி நின்றபோது அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி நீளம்கூட இல்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புல்லுக்கட்டு கண்ணை மறைத்திருக்க வேண்டும். 80ல் வந்து நிறுத்த, சுதாரிக்கும் ஒரு நொடியையும் சேர்த்து, நல்ல ரோட்டில் 60 மீட்டர் போதும். 110ல் கிட்டத்தட்ட 100 மீட்டர் வேண்டும். சக்தி அதிகமான வண்டி உங்களைத் தள்ளிவிடாது. 80ஐ 50 போல உணரவைக்கும், அவ்வளவுதான். அந்த உணர்வுக்கு எதிராக நாள் முழுக்க கையைக் கட்டுப்படுத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். எனக்கு அது அலுத்துவிட்டது, விற்றேன்.

அப்புறம், கடையில் சொல்கிற பி.எச்.பி. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது எந்த ஆர்.பி.எம்.மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது வருகிறது என்று கேளுங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 20.2 பி.எச்.பி., 6100ல். டார்க், அதாவது சுழற்றித் தள்ளுகிற முறுக்குவிசை, 27 நியூட்டன் மீட்டர், அது 4000லேயே வந்துவிடுகிறது. பஜாஜ் பல்சர் என்.எஸ். 200க்கு சுமார் 24 பி.எச்.பி., ஆனால் 9750ல். டார்க் பதினெட்டரைக்குச் சற்று மேல், அதுவும் 8000ல். தாளில் என்.எஸ். பெரியது. ஆனால் நிதானமாக 4000ல் போய்க்கொண்டிருக்கும்போது கிளாசிக்கிடம் 15 குதிரைகள் தயாராக நிற்கின்றன. என்.எஸ். தன் உச்ச டார்க்கை 4000லேயே கொடுத்தால்கூட பத்தரைதான் வரும். கியரை இறக்கி என்ஜினைச் சுற்றவிட்டால் என்.எஸ். பறக்கும், அதில் சந்தேகமே இல்லை. கியரை இறக்கி ஓட்டப் பிடிக்குமா, இருக்கிற கியரிலேயே இழுத்துப் போகப் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பின்னால் ஆள் இருக்கும்போது எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எடையையும் பாருங்கள். பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100ஐப் பற்றி இன்றைக்கும் மாமாக்களும் சித்தப்பாக்களும் கண் விரியப் பேசுகிறார்களே, அதற்கு இருந்தது 11 பி.எச்.பி.தான். வண்டி எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். 70 கிலோ ஆள் ஏறினால் நூறு கிலோவுக்கு ஆறரைக் குதிரை. 195 கிலோ கிளாசிக்கில் அதே ஆள் ஏறினால் ஏழரை. இரண்டுக்கும் பெரிய தூரம் இல்லை. உங்கள் அப்பாவின் வண்டியில் நாலரைக்குள். உங்களுக்குக் குறைவது அங்கேதான். தனியாகப் போகும்போது தெரியாது, ஆள் ஏறினால் தெரியும்.

40 பி.எச்.பி. வண்டிக்காக வைத்திருக்கும் பணத்தில் மிச்சமாவதை நல்ல டயருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு தலைக்கவசங்களுக்கும், முட்டியும் முழங்கையும் காக்கிற ஜாக்கெட்டுக்கும் செலவழியுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். உள்ள மாடலாகப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு மட்டும் இருப்பது விலை குறைவாகக் கிடைக்கும், அந்தச் சில ஆயிரங்களில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் சொன்ன முப்பது வருடத்தில் பெரும்பகுதி அந்தச் சாலையில் இவ்வளவு கார்கள் இல்லை, இருந்தவையும் இந்த வேகத்தில் போகவில்லை. இன்று 80ல் ஓடும் கூட்டத்தில் 55ல் ஓரமாக ஒடுங்கிப் போகிறவரைத்தான் பின்னால் வரும் லாரி நெருக்குகிறது. இதைச் சொன்னால் அவருக்கே புரியும், அவரும் அந்தச் சாலையில் போகிறவர்தானே.

எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள், நண்பர் ஒருவரைப் பின்னால் உட்கார வையுங்கள். ஒல்லியானவர் வேண்டாம். காலியான, நேரான ரோடாகப் பார்த்து, டாப் கியருக்கு ஒரு கியர் கீழே, 50ல் நிதானமாகப் போங்கள். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து, மீட்டர் 70ஐத் தொடும்வரை நண்பரை நொடிக்கு ஒன்றாக வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஐந்துக்குள் வந்தால் அந்த வண்டி உங்களுக்குப் போதும். எத்தனையில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.