ஒரே தவணையோடு முடிந்த பதவி

கேள்வி: கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்காக ஆபிரகாம் லிங்கனைப் பற்றி எழுதி வருகிறேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அவர் ஒரே ஒரு தவணைதான் இருந்தார், வாக்காளர்கள் அவரை மறுமுறை அனுப்ப மறுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அந்த இரண்டு ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: கடந்துவிட வேண்டாம். முதலில், வாக்காளர்கள் மறுத்ததாகச் சொல்லும் அந்தத் தகவலைத் திருத்திக்கொள்ளுங்கள். 1848-இல் லிங்கன் போட்டியிடவே இல்லை. இல்லினாய் மாநிலத்தில் அவருடைய தொகுதியைச் சேர்ந்த, அவர் அப்போது சார்ந்திருந்த விக் கட்சியின் தலைவர்கள் அந்த இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துவந்தார்கள். ஹார்டின், பேக்கர் ஆகியோருக்குப் பிறகு லிங்கனின் முறை வந்தது, அது முடிந்ததும் அவர் விலகிக்கொண்டார். தோற்றவர் அவருக்குப் பின் நின்ற ஸ்டீஃபன் லோகன்தான்.

உங்கள் கட்டுரை நின்று பேச வேண்டிய இடம், அமெரிக்கா 1846 முதல் 1848 வரை மெக்சிகோவுடன் நடத்திய போர். அமெரிக்க மண்ணில் அமெரிக்கர்களின் இரத்தம் சிந்தப்பட்டதாகக் கூறித்தான் அதிபர் போல்க் போரை நியாயப்படுத்தினார். சபைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த லிங்கன், 1847 டிசம்பர் 22 அன்று, இரத்தம் சிந்தப்பட்ட அந்த இடம் எது, அது உண்மையில் யாருடைய மண் என்று அதிபரைக் கேட்கும் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். சபை அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. எதிரிகளோ அவருக்குக் கேலிப்பெயர் சூட்டினார்கள். ஆயினும் 1848 ஜனவரியில், அதிபர் இப்போரைத் தேவையின்றியும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் தொடங்கினார் என்ற கண்டனத்தைச் சபைத் தீர்மானம் ஒன்றில் சேர்க்கும் திருத்தம் 85-க்கு 81 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அவர் அதை ஆதரித்தே வாக்களித்தார். களத்தில் இருந்த வீரர்களுக்கான செலவினங்களை அவர் எதிர்க்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

1849 ஜனவரியில், தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு மசோதாவை அவர் அறிவித்தார். உரிமையாளர்களுக்கு இழப்பீடும், தப்பி வரும் அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தன. பின்னாளைய லிங்கனை மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பகுதி உறுத்தும், ஆனாலும் அதை மறைக்காதீர்கள். ஆதரிப்பதாகச் சொன்னவர்கள் பின்வாங்கவே, மசோதா முறைப்படி தாக்கல் ஆகவே இல்லை.

பிறகு, அரசு நிலங்களைக் கவனித்துவந்த பொது நில அலுவலகத்தின் ஆணையர் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. ஆரிகன் ஆளுநர் பதவியை மறுத்துவிட்டு ஸ்பிரிங்ஃபீல்டில் வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். இதற்கு ஒரு வரி போதும். மிச்சமாகும் இடத்தைப் போர்த் தீர்மானங்களுக்கே கொடுங்கள்.