வாசகர் கேள்வி–பதில்: பாறைத் திறப்பு விழாவும் தொண்ணூற்றொன்பது வெள்ளமும்

கேள்வி: விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்தைத் திறந்து வைத்த ஜனாதிபதி யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பாதிப் பிள்ளைகள் வி.வி.கிரி என்றும், சிலர் ராதாகிருஷ்ணன் என்றும் எழுதி வந்திருக்கிறார்கள். தவறானதை அடித்துவிடலாமா?
(ஆசிரியை, தக்கலை)

பதில்: அடிக்க வேண்டாம் டீச்சர். திறந்து வைத்தவர் கிரிதான். நாள் 2 செப்டம்பர் 1970. ராதாகிருஷ்ணனின் பதவிக்காலம் 1967-லேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் பெயர் ஏன் வருகிறது என்பதும் உங்கள் வகுப்புக்கான பாடம்தான். விழா நடந்து மூன்றாம் நாள் ஆசிரியர் தினம். வருடம் தவறாமல் பள்ளியில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். இரண்டும் கலந்திருக்கலாம். நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: கல்வெட்டில் என்ன இருக்கிறது, அந்த வாரப் பத்திரிகையில் என்ன இருக்கிறது, தாத்தா என்ன சொன்னார். மூன்றாவதைத் திருத்தக் கூடாது.

கேள்வியிலேயே பெயரைச் சொல்லிவிடுவதுதான் பெரிய தப்பு. "கிரி வந்தாராமே?" என்றால் எந்தப் பாட்டியும் "ஆமா மக்களே" என்றுதான் சொல்வார். எந்த வருடம் என்றும் நேரடியாகக் கேட்க வேண்டாம். அப்போது எத்தனாம் வகுப்பு படித்தார், வீட்டில் யாருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, கன்னியாகுமரிக்கு எதில் போனார் என்று கேட்டால் வருடம் தானாக வந்துவிடும். 1970-இல் பத்து வயது என்றால் பிறந்தது 1960. அதற்குப் பிறகு பிறந்தவர் "நேரில் பார்த்தேன்" என்றால் அது பெரும்பாலும் கேட்ட கதை. அதையும் அப்படியே குறித்து எழுதலாம்.

கடற்கரையில் பதிவு செய்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். வீட்டுக்குள், ஃபேனை அணைத்து, போனை ஃபிளைட் மோடில் போட்டு, பேசுபவருக்கு இரண்டு சாண் தூரத்தில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொடக்கத்தில் நாள், ஊர், பேசுபவர் பெயர், அவர் சம்மதம் நான்கும் பதிவாக வேண்டும். இருபது நிமிடம் போதும். அதை எழுதி முடிக்கவே ஒரு பிள்ளைக்கு இரண்டு மணி நேரமாகும். "வெள்ளம் கோரப் போனேன்" என்று அம்மச்சி சொன்னதை "தண்ணீர் எடுக்கச் சென்றேன்" என்று மாற்றினால் மதிப்பெண் குறையும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஆதாரத்தில் (பத்திரத்தில்) 1099 கர்க்கடகம் என்று இருக்கிறது. ஆங்கில வருடம் எது?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: 1924, ஜூலை–ஆகஸ்ட். திருவிதாங்கூர் முழுக்க "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று பேசப்படும் அதே மாதம். உங்கள் 1099 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு; கர்க்கடகம் நம் ஆடி. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது ஆவணியில் தொடங்கும். ஆங்கில வருடம் காண எல்லாவற்றுக்கும் 825 கூட்டுவதால்தான் பலருக்குக் கணக்குப் பிழைக்கிறது. சிங்கம் முதல் தனு (மார்கழி) பாதி வரை 824. அதற்குப் பிறகு 825. ஜனவரி 1 ஏறக்குறைய தனு 17-இல் விழும். ஆகவே 1099 தனு 10 என்றால் 1923 டிசம்பர்; தனு 25 என்றால் 1924 ஜனவரி.

நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1 நவம்பர் 1956. அதற்கு முந்தைய அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரை விடத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகமே முதலில் போக வேண்டிய இடம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் காந்தியின் அஸ்தி வைத்த இடத்தில் அக்டோபர் 2 அன்று மட்டும்தான் வெயில் விழுமா?
(மாணவி, அகஸ்தீஸ்வரம்)

பதில்: இல்லை. அக்டோபர் 2-இல் சூரியன் வானில் இருக்கும் அதே நிலைக்கு மார்ச் 12-ஐ ஒட்டியும் வருகிறது. இங்கே உச்சிப்பொழுது அக்டோபர் 2-இல் சுமார் 12.09-க்கு, மார்ச் 12-இல் சுமார் 12.30-க்கு; சரியாகப் பன்னிரண்டுக்குப் போய்ப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வெயில் இறங்கும் கூரைத் துளை 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் உச்சி வேளை ஒளி நாளுக்கு 7 செ.மீ. அளவு நகரும், அக்டோபரில் வடக்கே, மார்ச்சில் தெற்கே. எனவே முன்பின் ஓரிரு நாளும் கிட்டத்தட்ட அங்கேதான் விழும். கட்டியவர்களின் திறமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சோதிக்க மார்ச்சே நல்லது, மேகத் தொல்லை குறைவு. தரையில் சாக்பீஸ் கோடு வேண்டாம், காகிதம் வைத்துக் குறியுங்கள்.

கேள்வி: கோயில் கல்வெட்டு எழுத்து தெரிய மாவு தடவலாமா?
(வாசகர், பூதப்பாண்டி)

பதில்: கூடாது. சாக்பீஸும் எண்ணெயும்கூட வேண்டாம்; கல்லின் துளைகளில் தங்கிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள், பிறகு அதையே மேலிருந்து பிடித்து இன்னொன்று. பக்கத்தில் ஸ்கேல் ஒன்றையும் வையுங்கள். எழுத்து தெரிந்தும் வாசிக்க முடியவில்லை என்றால் அது வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையாக இருக்கலாம். மொழி தமிழ்தான்.