பெரிய அட்வென்சர் பைக் கனமானதா, இலகுவானதா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 165 சென்டிமீட்டர். மூன்றாண்டுகளாக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஓட்டுகிறேன். மனைவியுடன் கொல்லிமலை, வால்பாறைச் சாலைகளுக்கு அடிக்கடியும், நெடும்பயணமாக ஆண்டுக்கு ஓரிரு முறையும் செல்வது வழக்கம். மோசமான சாலைகளிலும் நெடும்பயணம் போக ஏற்ற பெரிய அட்வென்சர் பைக்கான பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்களில் சிலர் அது சைக்கிள் போல வளைகிறது என்கிறார்கள். வேறு சிலர் என் உயரத்துக்கு அது ஆகாது, நின்ற இடத்திலேயே சாய்த்துவிடுவேன் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இரு தரப்பினரும் தாங்கள் உணர்ந்ததைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது முதலாமவர் சொல்வது சரி. அதற்குக் கீழே, குறிப்பாக நிறுத்தும்போதும் கிளப்பும்போதும், இரண்டாமவர் சொல்வது சரி. ஆகவே உங்கள் முடிவு எந்த வேகத்தில் நீங்கள் அதிகம் திணறுவீர்கள் என்பதைப் பொறுத்தது. குதிரைத்திறனுக்கு அதில் பெரிய பங்கில்லை.

முதலில், ஓடும்போது அது ஏன் இலகுவாகத் தோன்றுகிறது என்பதைப் பார்ப்போம். இரு சக்கர வண்டியை வேகத்தில் திருப்புவது என்பது உண்மையில் அதைச் சாய்ப்பதுதான். இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறோம். சக்கரம் கணநேரம் வலப்பக்கம் நோக்க, வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைவுக்குள் இறங்குகிறது. பெரும்பாலோர் இதை அறியாமலேயே செய்கிறார்கள். அட்வென்சர் வண்டிகளின் ஹேண்டில்பார் மிக அகலமாக இருப்பதால், நெம்புகோல் நீளமாக இருந்தால் பாறை எளிதில் அசைவதைப் போல, சிறு அழுத்தமே போதுமானதாகிறது. முன் டயர் 120 மில்லிமீட்டர் அகலமே உடையது என்பதும், முதுகு நிமிர்ந்து உட்காருவதால் தோள்களும் மணிக்கட்டுகளும் இறுகாமல் இருப்பதும் இதற்குத் துணை செய்கின்றன. உங்கள் கிளாசிக்கைப் போலவே இதன் முன்சக்கரமும் 19 அங்குலம்தான். ஆகவே திரும்பும் சுபாவம் உங்கள் கைக்கு முற்றிலும் அந்நியமாக இருக்காது.

இதன் மீது பலருக்கு உண்டாகும் பற்றுக்கு வளைவுகளை விடவும் பெரிய காரணம், மோசமான சாலை என்று நினைக்கிறேன். முன்னால் 190, பின்னால் 200 மில்லிமீட்டர் அளவுக்கு சஸ்பென்ஷன் இறங்கி ஏற இடமிருக்கிறது. கிளாசிக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் அது 130 மட்டுமே. பள்ளத்தைக் கண்டவுடன் பிரேக்கைப் பிடித்து, அதைச் சுற்றிச் செல்ல எதிர்த்தடத்தைப் பார்க்க வேண்டிய பதற்றம் பெருமளவு குறைகிறது. இருக்கை உயரமாக இருப்பதால் முன்னால் செல்லும் காரின் கூரைக்கு மேலாகவே அடுத்த வளைவு தெரிகிறது. 1300 சிசி இயந்திரத்தின் 149 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உங்களுடைய தற்போதைய வண்டியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்பதால், ஏற்றத்தில் இருவரும் பெட்டிகளும் இருந்தாலும் கியரைக் குறைக்காமலேயே பேருந்தைக் கடந்துவிட முடிகிறது. நாள் முழுக்க ஓட்டியபின் உடலில் மிச்சமிருக்கும் தெம்பில்தான் இந்த வசதிகளின் அருமை விளங்கும்.

ஜி.எஸ். வரிசைக்கே உரிய ஒரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் ஆழமாக அமுங்கி மூக்கு குனியும். பின்னிருக்கையில் இருப்பவர் உங்கள் முதுகில் வந்து மோதுவார். 1990களில் ஆர் 1100 ஜி.எஸ். மூலம் இந்த வரிசைக்கு வந்த டெலிலீவர் என்ற முன் சஸ்பென்ஷன் அமைப்பு, பிரேக் விசையைத் தனியான ஒரு கரத்தின் வழியே வண்டியின் உடற்சட்டத்துக்குக் கொண்டுசெல்வதால் இந்தக் குனிதல் வெகுவாகக் குறைகிறது. மலை இறக்கத்தில் மனைவியுடன் செல்பவருக்கு இது மெய்யான நன்மை. ஆனால் அதே காரணத்தால் முன் டயர் சாலையைப் பற்றியிருக்கும் உணர்வு கைகளுக்குச் சற்று மங்கலாகவே வந்து சேரும். சாதாரண ஃபோர்க்குக்குப் பழகியவர்களுக்கு இது பிடிபட சில நூறு கிலோமீட்டர் ஆகலாம்.

இனி இரண்டாம் தரப்பினரின் வாதம். எல்லாத் திரவங்களும் நிரம்பிய நிலையில் ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோ எடையுள்ளது. கிளாசிக் 195 கிலோ. வித்தியாசம் 42 கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நீங்கள் எந்தக் கோணத்தில் அதைப் பிடிக்கிறீர்கள் என்பதே முக்கியம். நிற்கும் வண்டி 10 டிகிரி சாய்ந்தால், எடை மையத்தின் உயரத்தில் அதைத் தாங்க மொத்த எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலான விசை தேவைப்படும், அதாவது ஏறத்தாழ 40 கிலோ. 20 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு, 80 கிலோ. உடன் ஒருவரும் சாமான்களும் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் ஏறுகிறது. உயரமான இருக்கையில் கால் நுனி மட்டும் தரையைத் தொடும் ஒருவர், வண்டி சாய்கிறது என்று உணர்ந்து காலை ஊன்றுவதற்குள், தாங்கக்கூடிய கோணம் கடந்துபோயிருக்கும். கொடைக்கானல் சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றின் முன் நான் ஒரு பெரிய வண்டியைக் கீழே விட்டது இப்படித்தான். ஊன்றிய பக்கம் தரை நான்கு விரற்கடை தாழ்ந்திருந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

உங்கள் உயரத்துக்கு 850 மில்லிமீட்டர் இருக்கை நிச்சயம் அதிகம். இருப்பினும் இரு கால்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும் என்பது கட்டாயமில்லை. இடுப்பைச் சற்று நகர்த்தி இடது பாதத்தை முழுதாகப் பதித்து, வலது காலைப் பின் பிரேக் மீது வைத்துக்கொள்வது, இரு கால் நுனிகளில் தத்தளிப்பதைவிட எவ்வளவோ உறுதியானது. இந்த வண்டியில், கூடுதல் விலையில், குறைந்த வேகத்தில் தானாகவே 30 மில்லிமீட்டர் தாழ்ந்து, வேகமெடுத்ததும் மீண்டும் உயரும் சஸ்பென்ஷன் கிடைக்கிறது. உங்களுக்கு அது ஆடம்பரமன்று. இதை வாங்குவதென்றால் அதனுடன் வாங்குங்கள், அல்லது தாழ்வான இருக்கையைக் கேளுங்கள். சில பணிமனைகளில் பின்புற ஸ்பிரிங்கைத் தளர்த்தி உயரத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அதற்கு உடன்பட வேண்டாம். பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரம் லேசாகி, வளைவில் வண்டி நீங்கள் நினைத்த தடத்தைவிட வெளியே விலகிச் செல்லும். உண்மையில் மனைவி ஏறும்போது ஸ்பிரிங்கை இறுக்கத்தான் வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களைச் சோதிக்கப்போவது இந்தக் குறைந்த வேகம்தான். நம் நாட்டில் இடப்புறம் செல்வதால் ஏற்றத்தில் இடது வளைவு மிகக் குறுகலாக அமையும். அங்கே இயந்திரம் அணைந்தால் சாய்ந்த நிலையிலேயே வண்டி நின்றுவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, கிளட்ச்சைப் பாதி பிடித்த நிலையில் வைத்திருந்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் மெல்லக் கட்டுப்படுத்துங்கள். கண் வளைவின் வெளிவாயிலில் இருக்கட்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. நான் கண்ட குறைவேக விழுதல்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விரலசைவில் தொடங்கியவை. கிளட்ச்சை இப்படி வழுக்க விடுவதால் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்; 2013க்குப் பின் வந்த ஜி.எஸ். வண்டிகளில் எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச் உள்ளது, சில நொடிகள் அது தாங்கும்.

மண்பாதை, ஆற்று மணல் போன்றவற்றை மனதில் வைத்து இதை வாங்குவதாக இருந்தால், நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். இந்த வரிசையின் மூதாதையான ஆர் 80 ஜி/எஸ் 1980இல் வந்தது; அதை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டியில் ஊபேர் ஓரியோல் 1981இல் சகாரா பாலைவனத்தைக் கடக்கும் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். கடைகளில் விற்ற அந்த வண்டியின் எடை 190 கிலோவுக்கும் குறைவு, அதாவது உங்கள் கிளாசிக்கைவிடவும் குறைவு. இன்றைய ஜி.எஸ். அந்தப் பெயரைச் சுமந்தாலும், இயல்பில் கரடுமுரடான சாலைகளையும் தாங்கும் நெடும்பயண வண்டி. மணலில் சறுக்கத் தொடங்கிய 237 கிலோவைக் காலால் மீட்க யாராலும் இயலாது.

என் யோசனை இது: முதலில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 போன்ற ஒன்றை ஓராண்டு ஓட்டுங்கள். அதன் எடை 196 கிலோ, இருக்கை 825 மில்லிமீட்டர், இரு அச்சுகளுக்கு இடையிலான நீளம் 1510 மில்லிமீட்டர், ஜி.எஸ்.ஸின் நீளம் 1518. ஆக, பெரிய வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் பழகிய எடையிலேயே கற்றுக்கொள்ள இது வழி செய்கிறது. அதன் பின்னும் ஆசை தணியவில்லை என்றால் ஜி.எஸ்.ஸைத் தாராளமாக வாங்குங்கள். அந்த ஆசை நியாயமானது.

சோதனை ஓட்டத்தின்போது விற்பனையாளர் உங்களை நேரே நெடுஞ்சாலைக்கு அனுப்பப் பார்ப்பார், அங்கே எல்லோருக்கும் அது பிடித்துவிடும். அதற்கு முன் வாகனம் நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் கேளுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துவது, இறங்கி நின்று பின்னோக்கித் தள்ளுவது, எட்டு வடிவில் மெதுவாகச் சுற்றுவது ஆகிய மூன்றையும் செய்து பாருங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இவ்வளவு உயரமான பின்னிருக்கைக்கு கால் வைக்கும் ஃபுட்பெக்கில் மிதித்துத்தான் ஏற வேண்டியிருக்கும். அப்போது அவருடைய முழு எடையும் ஒரே பக்கமாக இழுக்கும். நீங்கள் இரு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, ஏறலாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அவர் காலை வைக்க வேண்டும். இறங்குவதும் அப்படியே.