இரண்டாம் ஆண்டு அப்ரென்டிஸுக்கும் முதலாண்டுச் சம்பளம்தானா?

"மகனுக்கு 19 வயது. இங்கிலாந்தில் எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ். முதலாண்டு முடிந்து மூன்று மாதம் ஆகியும் மணிக்கு 8 பவுண்டுதான் தருகிறார்கள். இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. குறைந்தது 10.85 பவுண்டு தர வேண்டும்.

8 பவுண்டு என்பது 2026 ஏப்ரல் முதல் இருக்கும் அப்ரென்டிஸ் ரேட், அதாவது அப்ரென்டிஸுக்கான குறைந்தபட்ச மணிச் சம்பளம். 19 வயது ஆகாதவர்களுக்கும், 19 ஆகியும் பயிற்சியின் முதலாண்டில் இருப்பவர்களுக்கும் மட்டும்தான் அது பொருந்தும். இரண்டையும் தாண்டியவருக்குப் பயிற்சி இன்னும் எத்தனை வருடம் பாக்கி இருந்தாலும் வயதுக்குரிய ரேட் வந்தாக வேண்டும்: 18 முதல் 20 வரை 10.85, 21 ஆனால் 12.71. வாரம் 37 மணி நேரம் வேலை என்றால் உங்கள் மகனுக்கு வாராவாரம் 105 பவுண்டுக்கு மேல் குறைகிறது.

இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். 2018 செப்டம்பரில் 18 வயதில் சேர்ந்தேன். அடுத்த செப்டம்பரில் எனக்கு 19 வயதும் ஆகியிருந்தது, முதலாண்டும் முடிந்திருந்தது. அன்றைய ரேட்படி 3.90 பவுண்டிலிருந்து 6.15-க்கு ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. கேட்டால், "நாலு வருஷமும் அப்ரென்டிஸ்தானே, அதே ரேட்தான்" என்றார் முதலாளி. நானும் நம்பிவிட்டேன். பிப்ரவரியில் ஒருநாள் பே ஸ்லிப்பை எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாரம் 32 மணி நேரம் என்று போட்டிருந்தது. நான்கு நாள் சைட், ஒரு நாள் கல்லூரி. அந்தக் கல்லூரி நாளையே காணோம். பயிற்சியின் பகுதியாகக் கல்லூரியில் இருக்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. அதனால் மகனின் பே ஸ்லிப்பில் ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள், மணிக்கணக்கையும் எண்ணிப் பாருங்கள்.

வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்புக்கு போன் செய்தேன். இலவசமாகவே ஆலோசனை சொன்னார்கள். அப்புறம் பயிற்சி தொடங்கிய தேதி, பிறந்த தேதி, வாரவாரியான மணி நேரம், குறைந்த தொகை எல்லாம் எழுதி ஒரு கடிதம் கொடுத்தேன். சண்டை போடுகிற தொனி அதில் இல்லை. அடுத்த மாதச் சம்பளத்தோடு பாக்கி வந்துவிட்டது.

கணக்குப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டு முடிந்த அன்றே ரேட் மாறாது, அதற்கு அடுத்துத் தொடங்கும் சம்பளக் காலத்திலிருந்துதான் (வாரச் சம்பளம் என்றால் அடுத்த வாரம், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம்) மாறும். சம்பளப் பதிவுகளைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்டால் 14 நாளில் காட்ட வேண்டும் என்பது சட்டம்.

கேட்டால் வேலை போய்விடுமோ என்று மகன் தயங்குவான், நானும் முதலாளி சொன்னதைக் கேட்டு ஐந்து மாதம் பேசாமல்தான் இருந்தேன். குறைந்தபட்சச் சம்பளம் கேட்டதற்காக ஒருவரை நீக்கினால் அது சட்டவிரோத நீக்கம். சேர்ந்து எத்தனை நாள் ஆனது என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. இதை அவனிடம் முதலில் சொல்லுங்கள், கடிதத்தை அப்புறம் உட்கார்ந்து எழுதலாம்.